அமெரிக்க வக்கீல் நோட்டீஸ், ஸ்டீமில் கேம் நீக்கம்: காட்பாடியில் இருந்து என்ன செய்வது?

பாலாற்றங்கரை:

வணக்கம். காட்பாடியில் மூணு பேர் சேர்ந்து நடத்துற எல்எல்பி எங்களுது. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில் ஒரு 2டி புதிர் கேம் விட்டிருக்கோம். இதுவரைக்கும் வந்த வருமானம் 6,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. போன வாரம் ரெண்டு மெயில் வந்தது. ஒண்ணு ஸ்டீம் அனுப்பினது: ஒரு அமெரிக்க கம்பெனி டிஎம்சிஏ புகார் (காப்பிரைட் மீறல்னு சொல்லி நீக்கக் கேட்கிறது) கொடுத்ததால ஸ்டோர் பக்கத்தை எடுத்திருக்கோம்னு. இன்னொண்ணு அந்தக் கம்பெனியோட வக்கீல் அனுப்பின பிடிஎஃப். கேம் பெயர் அவங்க டிரேட்மார்க் மாதிரி இருக்கு, பாத்திரங்களோட படம் காப்பி, விளையாட்டு முறையும் காப்பின்னு மூணு குற்றச்சாட்டு. 14 நாளில் 40,000 டாலர் கட்டணும், இல்லேன்னா இணைச்சிருக்கிற மனுவை ஃபெடரல் கோர்ட்டில் தாக்கல் பண்ணுவோம்னு முடிச்சிருக்காங்க.

படங்களை வரைஞ்சது குடியாத்தத்தில் இருக்கிற ஒரு ஃப்ரீலான்சர். ஜிபேயில் பணம் கொடுத்தோம், எழுத்து ஒப்பந்தம் இல்லை. படம் எல்லாம் அவர் சொந்தமா வரைஞ்சதுதான். பதில் போடணுமா? அமெரிக்க வக்கீல் வச்சே ஆகணுமா? கண்டுக்காம விட்டா வேலூர் வரைக்கும் வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டை அகழி:

பயப்படாதீங்க ப்ரோ. வெளிநாட்டு டிக்ரியை இங்க நேரா நிறைவேத்த வழி கொடுக்கிற சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவில் சேர்ந்த நாடுகளில் அமெரிக்கா கிடையாது. அங்க வாங்கின டிக்ரியை எடுத்துட்டு வந்து நேரா வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் இ.பி. (நிறைவேற்று மனு) போட முடியாது. இங்க புதுசா கேஸ் போட்டு, அதில் ஜெயிச்சு, அப்புறம்தான் வசூல். எக்ஸ்பார்ட்டி டிக்ரியா (நீங்க ஆஜராகாம ஒருதலையா வந்ததா) இருந்தா, வெளிநாட்டுத் தீர்ப்பு எப்ப செல்லாதுன்னு சொல்ற 13ஆம் பிரிவில் அடிபட்டுப் போகலாம். மெயிலை டெலிட் பண்ணிட்டு அடுத்த கேமைப் பாருங்க.

ஜவ்வாதுமலை:

அகழி சொன்ன சட்டம் சரி, அதில் இருந்து எடுத்த முடிவு தப்பு. மெயிலை டெலிட் பண்ணச் சொன்னது அதைவிடத் தப்பு.

டிக்ரி காட்பாடிக்கு வருமாங்கிறது ரெண்டாவது கேள்வி. உங்க பணம் எங்க இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி. அது வாஷிங்டன் மாநிலம் பெல்வியூவில், ஸ்டீமை நடத்துற வால்வ் கம்பெனி கணக்கில் இருக்கு. ஸ்டோர் பக்கமும் அங்கதான். அமெரிக்க டிக்ரி ஒண்ணு கையில் இருந்தா, உங்களுக்கு வர வேண்டிய தொகையை அங்கேயே ஜப்தி பண்ணிடலாம். இந்தியக் கோர்ட் பக்கமே வர வேண்டியதில்லை. அடுத்த கேமையும் அதே ஸ்டீமில்தானே விடுவீங்க?

இப்ப உங்க கையில் இருக்கிறது ரெண்டு தனித்தனி விவகாரம். ஸ்டீம் அனுப்பினது டிஎம்சிஏ புகார், அதாவது அமெரிக்கக் காப்பிரைட் சட்டம் 512ஆம் பிரிவு. அதுக்குப் பதில் ஸ்டீம் வழியாத்தான். பிடிஎஃப் என்பது வெறும் வக்கீல் நோட்டீஸ். அந்த 14 நாள் வக்கீல் தானா வச்ச கெடு, சட்டம் வச்சது இல்லை. இணைச்சிருக்கிற மனுவோட முதல் பக்கத்தில் கேஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க. தாக்கலான ஃபெடரல் வழக்குன்னா ரெண்டு இலக்க ஆண்டு, நடுவில் 'சிவி', பிறகு வரிசை எண் இருக்கும். அந்த இடம் காலியா இருந்தா அது வரைவு மட்டும்தான். பிடிஎஃபை நம்பாம, ஃபெடரல் கோர்ட் ஆவணங்களைத் தேடுற பேசர் தளத்தில் உங்க எல்எல்பி பெயரைத் தேடிப் பாருங்க. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்; மூணு மாசத்தில் 30 டாலரைத் தாண்டலேன்னா கட்டணமே வராது. கோர்ட்லிசனர் தளத்தில் இலவசமாவே நிறைய கிடைக்கும்.

கேஸ் உண்மையா தாக்கலானா, சம்மன் எப்படி வருதுங்கிறது முக்கியம். வெளிநாட்டுக்கு சம்மன் அனுப்புறதுக்கான ஹேக் சர்வீஸ் உடன்படிக்கையில் இந்தியா இருக்கு, 2007 ஆகஸ்ட் முதல் அமலில். தபாலில் நேரா அனுப்புறதை இந்தியா ஏத்துக்கலை. டெல்லியில் சட்ட அமைச்சகம் வழியா, இங்க மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து, அமீனா கொண்டு வந்து கொடுக்கிறதுதான் முறை. மாசக்கணக்கில் இழுக்கும். அதனால அங்க வக்கீல்கள் ஃபெடரல் சிவில் நடைமுறை 4(எஃப்)(3) விதியில் இமெயில் மூலமா சம்மன் கொடுக்க அனுமதி கேட்பாங்க. சில நீதிபதிகள் கொடுக்கிறாங்க, சிலர் இந்தியாவோட ஆட்சேபத்தைக் காட்டி மறுக்கிறாங்க. "மெயிலில் வந்த சம்மன் செல்லாது"ன்னு உட்கார்ந்திருக்கிறது சூதாட்டம்.

சம்மன் சர்வீஸ் ஆன (முறைப்படி கொடுக்கப்பட்ட) நாளில் இருந்து 21 நாளில் பதில் போடணும். இல்லேன்னா எக்ஸ்பார்ட்டி. இதுக்கு நடுவில் 'வெய்வர்' படிவம்னு ஒண்ணு வரலாம். சம்மனை முறைப்படி வாங்காமலே ஒத்துக்கிற படிவம். பார்த்ததும் மிரளாதீங்க. அதில் கையெழுத்து போட்டா வெளிநாட்டில் இருக்கிறவங்களுக்கு, கோரிக்கை அனுப்பின நாளில் இருந்து 90 நாள் கிடைக்கும். அதனால கோர்ட்டோட அதிகார வரம்பை எதிர்க்கிற உரிமையும் போகாது. ஆனா அந்த எதிர்ப்பை முதல் பதிலிலேயே எழுதணும். முதல் பதிலில் விட்டுட்டு அடுத்த வாய்தாவில் பேசிக்கலாம்னா முடியாது, உரிமை அதோட போச்சு. கையெழுத்து போட மறுத்தா என்ன ஆகும்? செலவைத் தலையில் கட்டுற தண்டனை அமெரிக்காவுக்குள்ள இருக்கிற பிரதிவாதிக்கு மட்டும்தான், உங்களுக்கு இல்லை.

வக்கீல் வேணுமான்னு கேட்டீங்க. ஸ்டீமுக்குப் பதில் போட வக்கீல் வேண்டாம். கேஸ் தாக்கலானா கண்டிப்பா வேணும், ஏன்னா கம்பெனியோ எல்எல்பியோ அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் தானே ஆஜராக முடியாது. தனி ஆள் மட்டும்தான் வக்கீல் இல்லாம வாதாடலாம். நம்ம ஊர் வக்கீல் 13, 44ஏ பத்தி நல்லா சொல்வார். அமெரிக்கச் சட்டத்துக்கு அங்க லைசன்ஸ் உள்ளவரைத்தான் கேட்கணும். மணிக்குச் சில நூறு டாலர் ஆகும். முழு கேஸையும் ஒப்படைக்காம "நோட்டீஸைப் படிச்சு கருத்து சொல்ல மட்டும்"னு நிலையான தொகை பேசுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது: கிட் ரெப்போவை (கோடோட மாற்ற வரலாறு இருக்கிற சேமிப்பு) முழுசா நகல் எடுத்து தனி டிஸ்க்கில் வைங்க. வரைஞ்சவர்கிட்ட லேயரோட இருக்கிற மூலக் கோப்புகளை வாங்குங்க. டிஸ்கார்ட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க. 'இன்ஸ்பையர்டு பை' அப்படின்னு போட்ட பழைய போஸ்ட் இருந்தாலும் அழிக்காதீங்க. வழக்கு வரும்னு தெரிஞ்ச பிறகு அழிச்சா, படம் காப்பியா இல்லையாங்கிறதைவிட அந்த அழிப்பே பெரிய தலைவலி ஆகும்.

ஆம்பூர் எக்ஸ்போர்ட்:

40,000 டாலர் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டுப் பாருங்க. அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்தில் நிர்ணய நஷ்டஈடு (நஷ்டத்தை நிரூபிக்காமலே சட்டம் வச்ச தொகை) ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேணும்னே செஞ்சதுன்னு தீர்ப்பானா 1,50,000 வரை. ஆனா மீறல் தொடங்குறதுக்கு முன்னாடியோ, படைப்பு வெளிவந்து மூணு மாசத்துக்குள்ளயோ அவங்க அமெரிக்காவில் பதிவு பண்ணியிருந்தாத்தான் அது கிடைக்கும், வக்கீல் செலவும் கிடைக்கும். பதிவு இல்லேன்னா உண்மையான நஷ்டம், உங்க லாபம், இவ்வளவுதான் கேட்க முடியும். உங்க மொத்த வசூலே 6,000க்குக் கீழேன்னா பேரத்தோட அடித்தளமே மாறிடும். அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்தோட பதிவேடு ஆன்லைனில் இலவசம். கம்பெனி பெயரைப் போட்டுத் தேதியைப் பாருங்க.

சின்ன தொகைக்குன்னு 2022இல் தொடங்கின காப்பிரைட் கிளெய்ம்ஸ் போர்டில் வெளிநாட்டுக்காரங்க மேல புகார் கொடுக்க முடியாது. நோட்டீஸில் அதைச் சொல்லி மிரட்டியிருந்தா அந்த வக்கீல் சரியாப் படிக்கலைன்னு அர்த்தம்.

பாலாற்றங்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. பார்த்தேன், மனுவில் கேஸ் நம்பர் இடம் காலிதான். பேசரிலும் எங்க பெயர் இல்லை. அவங்க கேம் பதிவு எங்க ரிலீசுக்கு அப்புறம்தான் நடந்திருக்கு, ஆனா அவங்க கேம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஸ்டீமில் 'கவுன்டர் நோட்டீஸ்' (புகாரை மறுக்கிற பதில்) போட ஒரு வழி காட்டுறாங்க. உடனே போட்டுடலாமா? நோட்டரி கையெழுத்து வேணுமா?

ஜவ்வாதுமலை:

நோட்டரி வேண்டாம், அப்போஸ்டில் (வெளிநாட்டுக்கான அரசு சான்று) வேண்டாம். மின் கையெழுத்து போதும். ஆனா போடுறதுக்கு முன்னாடி அதில் என்ன எழுதிக் கொடுக்கிறீங்கன்னு ரெண்டு தடவை படிங்க.

நீக்கப்பட்டது எது, எந்த முகவரியில் இருந்தது, தவறுதலா நீக்கப்பட்டதுன்னு நல்லெண்ணத்தோட நம்புறேங்கிற உறுதிமொழி, உங்க பெயர், விலாசம், போன். இதோட கடைசியா ஒரு வரி: சேவை நிறுவனம் இருக்கிற மாவட்டத்தோட ஃபெடரல் கோர்ட் அதிகாரத்தை ஒத்துக்கிறேன், புகார்தாரர் அனுப்புற சம்மனை வாங்கிக்கிறேன். வால்வுக்கு அது சியாட்டிலில் உட்காருற மேற்கு வாஷிங்டன் மாவட்டம். கூகுள் பிளேன்னா வடக்கு கலிபோர்னியா.

அந்த ஒரு வரியிலதான் எல்லாம் இருக்கு. அகழி சொன்ன 13ஆம் பிரிவில் உங்களுக்கு ரெண்டு பலமான காவல்: அந்தக் கோர்ட்டுக்கு உங்க மேல அதிகாரம் இல்லைங்கிறது ஒண்ணு, சாட்சியத்தை எடைபோடாம கொடுத்த எக்ஸ்பார்ட்டி டிக்ரி தகுதி அடிப்படையில் வந்தது இல்லைங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கில் 2001 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. கவுன்டர் நோட்டீஸில் கையெழுத்து போட்டா முதல் காவலை நீங்களே திறந்து விடுறீங்க. ஹேக் உடன்படிக்கை, அமீனா, தாமதம், எல்லாமும் அதோட போச்சு.

அதுக்காகப் போடவே கூடாதுன்னு இல்லை. போட்ட பிறகு 10 முதல் 14 வேலை நாளுக்குள்ள அவங்க கேஸ் போட்டு ஸ்டீமுக்குச் சொல்லலேன்னா கேம் திரும்ப வரும். பதிவு பிந்தினதால நிர்ணய நஷ்டஈடு கேட்க முடியாத நிலையில், இந்தத் தொகைக்கு சியாட்டிலில் கேஸ் போட்டா அவங்களுக்கும் கைநஷ்டம். படம் உண்மையிலேயே சொந்தம், காட்ட மூலக் கோப்பு இருக்குன்னா போடலாம். கோப்பு கைக்கு வராம போடாதீங்க. பொய் உறுதிமொழி கொடுத்தா அதுக்கே தனியா அவங்க உங்ககிட்ட நஷ்டஈடு வாங்கலாம்.

இன்னொண்ணு, டிஎம்சிஏ காப்பிரைட்டுக்கு மட்டும். பெயர் விவகாரம் டிரேட்மார்க், பேடன்ட் வேற. அதுக்கெல்லாம் சட்டப்படி கவுன்டர் நோட்டீஸ் கிடையாது, ஸ்டோர் தன் விருப்பப்படி முடிவெடுக்கும்.

வேலூர் வெயில்:

மூணாவது குற்றச்சாட்டைப் பத்தி யாரும் பேசலை. விளையாட்டு முறை காப்பிரைட்டில் வராது. விதி, சுற்று, மதிப்பெண் கணக்கு எல்லாம் யாருக்கும் பொது. ஆனா அந்த விதியைத் திரையில் காட்டுற விதம் வரும். எல்லை எங்கங்கிறதுக்கு 2012இல் நியூ ஜெர்சி கோர்ட்டில் வந்த டெட்ரிஸ் ஹோல்டிங் வழக்கைப் படிங்க. எதிர்த்தரப்பு எக்ஸியோ கம்பெனி விதியை மட்டும்தான் எடுத்தோம்னு வாதாடினது. கட்டைகளோட தோற்றம், 20க்கு 10 கட்டம், விழப்போற இடத்தைக் காட்டுற நிழல் கட்டை வரைக்கும் அப்படியே இருந்ததால தோத்தது. அதே ஆண்டு டிரிபிள் டவுன் கேமை உருவாக்கின ஸ்ப்ரை ஃபாக்ஸ் போட்ட வழக்கில், எதிராளி கரடிக்குப் பதிலா பனிமனிதனை (யெட்டி) போட்டிருந்தும் மனுவைத் தள்ளுபடி பண்ண கோர்ட் மறுத்துட்டது. அதுவும் சியாட்டில்தான், உங்களுக்கு வரப்போற அதே கோர்ட்.

மறுபக்கம், கராத்தே கேமுக்காக வழக்கு போட்ட டேட்டா ஈஸ்ட் கம்பெனி 1988இல் தோத்தது. கராத்தே கேம்னா குத்து, உதை, நடுவர் எல்லார்கிட்டயும் இருக்கும்னு மேல்முறையீட்டில் சொல்லிட்டாங்க. ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வச்சு, எது அந்த வகை கேமுக்கே பொதுவானது, எது அவங்க கற்பனைன்னு ஒரு அட்டவணை போடுங்க. அங்க வக்கீல் கேட்கிற முதல் ஆவணம் அதுவாத்தான் இருக்கும், நீங்களே போட்டா மணிக்கணக்கில் பில் குறையும்.

விளையாட்டு முறைக்கே பாதுகாப்பு வேணும்னா பேடன்ட் எடுக்கணும், அது நாட்டுக்கு நாடு வேற. பால்வேர்ல்டு உருவாக்கின பாக்கெட்பேர் மேல நின்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் 2024 செப்டம்பரில் டோக்கியோ கோர்ட்டில் போட்டது காப்பிரைட் வழக்கு இல்லை, மூணு ஜப்பானிய பேடன்ட் வழக்கு. கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு 50 லட்சம் யென், பெரிய தொகையே இல்லை. தடை உத்தரவுதான் குறி. வழக்கு நடக்கும்போதே பாக்கெட்பேர் கேமில் உருண்டையை எறிஞ்சு கூப்பிடுற முறையை எடுத்துட்டது. இதே மாதிரி நின்டெண்டோ போட்ட பேடன்ட் வழக்கில் கோலோபிள்ங்கிற கேம் கம்பெனி 2021இல் 330 கோடி யென் கொடுத்து நின்டெண்டோவோட சமாதானம் பண்ணிக்கிச்சு. உங்க நோட்டீஸில் பேடன்ட் நம்பர் எதுவும் இல்லேன்னா இந்தக் கவலை இப்ப வேண்டாம்.

பெயரை மாத்திடுங்க. அதுக்காகச் சண்டை போடாதீங்க. அமெரிக்க டிரேட்மார்க் தேடலில் 9, 41 வகுப்பில் (மென்பொருள், பொழுதுபோக்கு) அவங்க பதிவு உயிரோட இருக்கா, முதல் பயன்பாட்டுத் தேதி என்னன்னு மட்டும் பார்த்து வச்சுக்கோங்க, பேரத்துக்கு உதவும். மைன்கிராஃப்ட் கேமை உருவாக்கின மொஜாங் அளவுக்குப் பணம் இருந்தவங்களே ஸ்க்ரோல்ஸ்ங்கிற கேம் பெயருக்காக பெதெஸ்டா கம்பெனி தரப்போட மோதி, 2012இல் உரிமையை அவங்ககிட்ட கொடுத்து லைசன்ஸில்தான் பெயரை வச்சுக்கிட்டாங்க. பெயரை மாத்தினாலும் ஸ்டீமில் உங்க கேமோட ஆப் ஐடி (அடையாள எண்) மாறாது, விஷ்லிஸ்ட்டும் ரிவ்யூவும் அப்படியே இருக்கும்.

குடியாத்தம் லுங்கி:

எங்க ஊர் ஆர்ட்டிஸ்ட் பத்தி. ஜிபே ரசீது உரிமை ஆவணம் ஆகாது. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா சொல்லி வரைய வச்சவர்தான் முதல் உரிமையாளர்னு 1957 காப்பிரைட் சட்டம் 17ஆம் பிரிவில் இருக்கு. ஆனா அது ஓவியம், உருவப்படம், புகைப்படம் மாதிரி சிலதுக்குத்தான். ஸ்பிரைட் ஷீட் (பாத்திரத்தோட அசைவுப் படங்கள் சேர்ந்த தாள்), அனிமேஷன் அதில் அடங்குமான்னு வாதாட இடம் இருக்கு. இசை அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. இப்பவே எழுத்தில் வாங்குங்க.

வாங்கும்போது 19ஆம் பிரிவைப் படிங்க, நெட்டில் கிடைக்கிற வரைவுகள் இங்கதான் கவுத்துடும். காலம் எழுதலேன்னா 5 வருஷம்தான். எந்த நாடுன்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதாவது அமெரிக்காவில் ஓடுற கேமுக்கு அந்தக் காகிதம் செல்லாது. ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலேன்னா உரிமை திரும்பிப் போகும்னு ஒரு உட்பிரிவும் இருக்கு, அது பொருந்தாதுன்னு வெளிப்படையா எழுதணும். "உலகம் முழுவதும், காப்பிரைட் காலம் முடியும் வரை"ன்னு போடுங்க. எந்தப் படம், எவ்வளவு பணம், ரெண்டு பேர் கையெழுத்து.

முன்தேதி போடவே போடாதீங்க. இன்னைக்குத் தேதி போட்டு, இந்தப் படங்களை வரைந்த நாள் முதலான உரிமைகளை ஒப்படைக்கிறேன்னு எழுதினாலே போதும். முன்தேதி போட்ட பிடிஎஃபோட மெட்டாடேட்டாவை எதிர்த்தரப்பு பார்த்தா மிச்சம் இருக்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டாங்க.

கோட்டை அகழி:

சரி, டெலிட் பண்ணச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன், இவங்க ஒரு ரூபா கூட ஒத்துக்காம இருந்தா, அமெரிக்கா பக்கம் போறப்ப ஏர்போர்ட்டில் பிடிப்பாங்களா?

ஜவ்வாதுமலை:

சிவில் டிக்ரிக்கு ஏர்போர்ட்டில் பிடிக்க மாட்டாங்க. ஆனா மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிற ஜிடிசி கேம் உருவாக்குறவங்க மாநாட்டுக்குப் போற பங்குதாரர் கையில் நேரா சம்மனைக் கொடுத்தா, அந்தத் தனி ஆள் மேல அந்த மாநிலக் கோர்ட்டுக்கே அதிகாரம் வந்துடும். எல்எல்பி மேல அப்படி வராது. எல்எல்பின்னு இருந்தாலும் படத்தைப் போட்டவர், கேமை ஏத்தினவர்னு பங்குதாரர்களைத் தனியா சேர்க்கலாம்.

கிரிமினல்னா கதையே வேற.   

ஆம்பூர் எக்ஸ்போர்ட்:

சமாதானப் பேச்சுக்கு வருவோம், பெரும்பாலும் அங்கதான் போய் நிற்கும். முதல் பதில் மூணு வரிக்கு மேல வேண்டாம்: நோட்டீஸ் கிடைச்சது, ஆராயுறோம், இந்தத் தேதிக்குள்ள பதில் சொல்றோம், எங்க உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கலை. 'சாரி' வேண்டாம், 'உங்க கேமோட பெரிய ரசிகர்கள்' வேண்டவே வேண்டாம்.

ஒப்பந்தம் வந்தா தொகைக்கு முன்னாடி மத்த வரிகளைப் பாருங்க. விடுவிப்பு எல்எல்பிக்கு மட்டுமா, பங்குதாரர்களுக்கும் வரைஞ்சவருக்கும் சேர்த்தா? டிஎம்சிஏ புகாரை ஸ்டீமுக்கு எழுதி வாபஸ் வாங்க எத்தனை நாள் கெடு? எந்தப் படங்களை மாத்தணும்னு கோப்புப் பெயரோட இணைப்பு இருக்கா? "ஒத்த தோற்றமுள்ள எதையும்"னு மொட்டையா இருந்தா அடுத்த வருஷமும் இதே நோட்டீஸ் வரும்.

அப்புறம் தகராறு எங்கங்கிற வரி. அமெரிக்கக் கோர்ட்னு இருந்தா டிக்ரியை வச்சு இங்க மூணு வருஷத்துக்குள்ள புது வழக்கு போடணும். சிங்கப்பூர் அல்லது இங்கிலாந்து கோர்ட்னு இருந்தா அதே 44ஏ பிரிவில் சத்துவாச்சாரியிலேயே நேரா இ.பி. போடலாம். ஆர்பிட்ரேஷன்னு (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) இருந்தா அமெரிக்காவில் கொடுத்த அவார்டையும் 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் இங்க அமல்படுத்த வழி இருக்கு, புது வழக்கு தேவையில்லை. பப்ளிஷர் ஒப்பந்தங்களில் இந்த வரி கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும், இங்க ஏற்றுமதியில் இருக்கிறவங்க முதலில் திருப்பிப் பார்க்கிற பக்கமே அதுதான்.

பணம் அனுப்ப பேங்கில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற விண்ணப்பம்), பில், ஒப்பந்த நகல், வரிப் பிடித்தம் பத்தி ஆடிட்டர் சான்று கேட்பாங்க. வக்கீல் ஃபீஸ் ஒரு பர்ப்பஸ் கோடு (எதுக்குப் பணம்னு சொல்ற குறியீடு), சமாதானத் தொகை வேற கோடு. ரெண்டையும் ஒரே இன்வாய்ஸில் போட்டு அனுப்பினா பேங்க் நிறுத்தி வைக்கும். உள்ளூர் ஜிஎஸ்டி மட்டும் பார்க்கிற ஆடிட்டர் இதில் திணறுவார். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பார்க்கிற ஆடிட்டரைப் பிடிங்க, அவங்களுக்கு இது தினசரி வேலை.

பாலாற்றங்கரை:

பெயரை மாத்துறோம். ஆர்ட்டிஸ்ட் மூலக் கோப்பு அனுப்புறார், ஒப்பந்தத்தை 19ஆம் பிரிவு படி எழுதுறோம். கோப்பைப் பார்த்த பிறகு கவுன்டர் நோட்டீஸ். இதே கேமை குழந்தைகளுக்குன்னு பிளே ஸ்டோரிலும் விடலாம்னு இருந்தோம், அதிலும் இப்படி ஏதாவது இருக்கா?

வேலூர் வெயில்:

இருக்கு. 13 வயசுக்குக் கீழே உள்ள அமெரிக்கக் குழந்தைகளோட தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாம எடுத்தா, குழந்தைகளோட ஆன்லைன் தனியுரிமைக்கான காப்பா சட்டம் பாயும். லிதுவேனியாவில் இருந்த டைனி லேப் என்ற கேம் கம்பெனி மேல 2018இல் நியூ மெக்ஸிகோ மாநில அட்டர்னி ஜெனரலே வழக்கு போட்டார். கூடவே விளம்பர எஸ்டிகே (கேமுக்குள்ள சேர்க்கிற ரெடிமேட் கோடு) கம்பெனிகளையும் சேர்த்தார். உங்க கோடில் நீங்க எதுவும் எடுக்காட்டியும் விளம்பர எஸ்டிகே டிவைஸ் அடையாள எண்ணை எடுக்கும், பொறுப்பு உங்க தலையில். குழந்தைகள் பிரிவில் விடுறதா இருந்தா விளம்பர எஸ்டிகேயை எடுத்துட்டு, ஒரு விலை வச்சு விடுங்க. அதுக்கு முன்னாடி, நெட் டிராஃபிக்கைப் பிடிக்கிற டூல் ஒண்ணை போட்டு, கேமைத் திறந்ததும் எந்தெந்த சர்வருக்கு என்ன போகுதுன்னு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. அனலிடிக்ஸ் எஸ்டிகேயையும் அதில் கவனிங்க, அதுவும் எண்ணை எடுக்கிறது உண்டு.